ஃபெஸில் ஒரே ஒரு பகல்: சுவரைப் பார்ப்பதா, கையைப் பார்ப்பதா?

சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணா, மொராக்கோ போறோம். மராக்கேஷ்ல மூணு நாள், ஃபெஸ்ல ஒரே ஒரு முழு நாள். நீங்க போயிருக்கீங்கல்ல, எதைப் பார்க்கலாம், எதை விடலாம்னு மட்டும் சொல்லுங்க." கூட வருவது அவன் மனைவி, பத்து வயது மகன், எங்கள் சித்தி. சித்திக்கு வயது 68, வலது முழங்காலில் தேய்மானம். "எல்லாத்தையும் பார்க்கலாம்டா" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த ஊர்ச் சந்துகளில் ஏறி இறங்கியது ஞாபகம் வந்ததும் நிறுத்திக்கொண்டு, "ராத்திரி எழுதி அனுப்புறேன்" என்றேன். அனுப்பியதைக் கொஞ்சம் விரித்து எழுதியதுதான் இது.

முதலில் ஊரின் அமைப்பு. பழைய ஃபெஸ், அதாவது ஃபெஸ் எல் பாலி, ஒரு கிண்ணம் மாதிரி. விளிம்பில் வாசல்கள், அடியில் கரவிய்யீன் பள்ளிவாசல், அதை ஒட்டி ஆறு. எல்லாரும் நுழைவது மேற்கு விளிம்பில் உள்ள பாப் பூ ஜெலூத் என்கிற நீல வாசல் வழியாக. ஊருக்கு 1,200 வயதுக்கு மேல் ஆகிறது. அட்டைப்படங்களில் வரும் இந்த வாசலோ 1913இல், பிரெஞ்சுக்காரர்கள் வந்த பிறகு எழுந்தது. அங்கிருந்து தலா கெபீரா, தலா ஸ்கீரா என்று இரண்டு தெருக்கள் பள்ளத்துக்கு இறங்குகின்றன. போகும்போது சுகமாக இருக்கும். திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்கும். கார் உள்ளே வராது. கேஸ் சிலிண்டரிலிருந்து தோல் மூட்டை வரை கழுதையும் கோவேறு கழுதையும்தான் சுமக்கின்றன. பின்னால் "பாலாக்!" என்று குரல் கேட்டால் யோசிக்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.

எந்தப் பட்டியலை எடுத்தாலும் அதில் இருப்பவை இரண்டு வகைதான். ஒன்று கட்டடம்: பூ இனானியா மதரஸா, அத்தாரீன் மதரஸா, கரவிய்யீன், நெஜ்ஜாரீன் சத்திரம். இன்னொன்று தொழில்: ஷுவாராவின் தோல் பதனிடும் குழிகள், செஃபாரீன் சதுக்கத்துக் கன்னார் கடைகள், மதிலுக்கு வெளியே ஐன் நொக்பியில் மண்பாண்டமும் பூவேலை ஓடும் செய்கிற பட்டறைகள். ஏழையும் ஒரே பகலில் பார்த்துவிடலாம் என்று சொல்லி அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்க முடியும்தான், ஆனால் ராத்திரி படுக்கும்போது எது எந்த ஊர் என்றே குழம்பும்.

நான் அவனுக்குச் சொன்னது ஒரு கட்டடமும் ஒரு தொழிலும். அதிலும் தொழிலை முதலில் பார்த்துவிட்டுக் கட்டடத்துக்குப் போகச் சொன்னேன்.

நாங்கள் போனபோது தலைகீழாகச் செய்தோம். காலையில் பூ இனானியாவுக்குள் போய் இருபது நிமிடம் நின்றோம், நாற்பது படம் எடுத்தோம், "அடேயப்பா" என்றோம், வெளியே வந்தோம். மனைவி, "அழகாத்தான் இருக்கு, ஆனா வால்பேப்பர் மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது, சொல்லத்தான் கூச்சம். அன்று மதியம் ஐன் நொக்பிக்குப் போனோம். மறுநாள் அத்தாரீனுக்குள் நுழைந்தபோது ஒரே தூணின் அடியில் கால் மணி நேரம் இரண்டு பேரும் குனிந்து நின்றுகொண்டிருந்தோம். இரண்டு கட்டடமும் ஏறக்குறைய ஒரே கைவண்ணம்தான். நடுவில் அந்த மதியம் மட்டும்தான் வித்தியாசம்.

ஐன் நொக்பியில் என்ன இருக்கிறது? வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமில்லை. புகைக்கூண்டுகள், மண் குவியல், வெயிலில் காயும் சதுர ஓடுகள். ஃபெஸ் மண் சாம்பல் நிறம், சுட்டால் வெளிறிப்போகிறது. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நீலப் பூவேலைச் சட்டிகள் அதில்தான் எழுகின்றன. சூளைக்கு எரிபொருள், ஆலிவ் எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் சக்கை. நம் பேச்சில் சொன்னால் ஆலிவ் பிண்ணாக்கு. அது கிளப்பும் கரும்புகை தாங்காமல்தான் குயவர்களை மதிலுக்கு வெளியே அனுப்பினார்கள்.

பார்க்க வேண்டியவர் சக்கரத்தில் பானை வனைகிறவர் அல்ல, ஓடு வெட்டுகிறவர். ஸெல்லீஜ் என்கிற அந்த ஓட்டு வேலைக்கு அச்சும் கிடையாது, இயந்திரமும் கிடையாது. உள்ளங்கையளவு சதுர ஓட்டை ஒருமுறை சுட்டு, மெருகு தோய்த்து மறுபடி சுட்டு வைத்திருப்பார்கள். அதன் மேல் இன்னொருவர் மாதிரித் தகட்டை வைத்துக் கோடு போட்டுக் கொடுத்திருப்பார். வெட்டுகிறவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே கல்லில் பதித்த ஓர் இரும்புத் துண்டு. கையில் இருப்பதைச் சுத்தியல் என்பதா உளி என்பதா தெரியவில்லை. இரண்டு பக்கமும் கூர் வைத்த கனத்த கருவி, அங்கே மென்காஷ் என்கிறார்கள். அத்தனை கனத்தைத் தூக்கி, பூ மாதிரி ஒரு தட்டு. ஒரு சில்லு தெறிக்கிறது. இடது கை ஓட்டைத் திருப்புகிறது. இன்னொரு தட்டு. எட்டு முனை நட்சத்திரம் ஒன்று எங்கள் கண் முன்னால் உருவாகிக்கொண்டே வந்தது. ஏழு முனை முடிந்தது. எட்டாவதில் குறுக்கே விரிசல் ஓடி இரண்டாகப் போனது. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. பக்கத்துக் குவியலில் எறிந்துவிட்டு அடுத்த ஓட்டை எடுத்தார். அந்தக் குவியல் என் இடுப்பு உயரம் இருந்தது.

வெட்டி முடித்த சில்லின் பின்விளிம்பையும் சரிவாகச் செதுக்குகிறார்கள். அப்போதுதான் அடுக்கும்போது முகப்பில் இடைவெளி தெரியாமல் சில்லோடு சில்லு கவ்வும். அடுக்குகிறவர் இன்னொருவர். அவர் சில்லுகளை நிறம் தெரியாமல் குப்புற அடுக்குகிறார். எது பச்சை, எது வெள்ளை என்பது அவர் மண்டைக்குள் மட்டும் இருக்கிறது. மொத்தமும் அடுக்கி, பின்பக்கம் சாந்து ஊற்றி, இறுகியதும் புரட்டினால்தான் கோலம் தெரியும். வைத்தபின் மாற்ற முடியாது. பத்து வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல வித்தை வேறு என்ன காட்ட முடியும்?

குறையும் சொல்லிவிடுகிறேன். பட்டறை பார்த்து முடித்ததும் விற்பனைக் கூடம் வழியாகத்தான் வெளியே விடுவார்கள். விலை கூடுதல். வழிகாட்டி கூட வந்தால் அவர் பங்கும் அதில் ஏறியிருக்கும். ஒன்றும் வாங்காமல் வர வெட்கமாக இருந்தால் சின்னக் கிண்ணம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மேசை வாங்கச் சொல்வார்கள், கப்பலில் அனுப்பித் தருவதாகவும் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே நழுவ வேண்டியதுதான்.

தொழில் வரிசையில் மற்ற இரண்டையும் பார்த்துவிடலாம்.

எல்லாரும் போகிற இடம் ஷுவாரா. தேன்கூடு மாதிரி அடுக்கிய குழிகள், அதில் இடுப்பளவு இறங்கி நிற்கும் ஆட்கள். உலகம் முழுக்கப் பரவிய அந்தப் படம் இங்கே எடுத்ததுதான். வெள்ளைக் குழிகளில் சுண்ணாம்பும் மாட்டு மூத்திரமும் உப்பும். தோலிலிருந்து ரோமம் கழல அதில் ஊற வைக்கிறார்கள். பிறகு புறா எச்சம் கரைத்த குழி. அதுதான் தோலை மிருதுவாக்குகிறது. மணிக்கணக்கில் காலால் மிதிக்கிறார்கள். அதன் பிறகு சாயக் குழிகள். மாடு, ஆடு, செம்மறி, ஒட்டகம் என்று எல்லாத் தோலும் வருகிறது. மருதாணி, அவுரி, குங்குமப்பூ என்று சாயத்துக்கு அழகான பட்டியல் சொல்வார்கள். சொல்கிறவர் விற்கவும் நிற்கிறார் என்பதை மறக்காமல் கேட்டுக்கொள்ளலாம்.

என் சங்கடம் நாற்றம் அல்ல. கையில் ஒரு கொத்துப் புதினா கொடுக்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் மூக்கும் பழகிவிடுகிறது. நாம் நிற்பது தோல் கடையின் மாடியில், தொழில் நடப்பது மூன்று மாடிக்குக் கீழே. கையோ கருவியோ முகமோ தெரியாது. வெயிலில் வேகும் மனிதர்களை மேலே நின்று செல்போனில் இழுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். இறங்கும்போது நான்கு மாடியிலும் ஜாக்கெட், பை, மஞ்சள் செருப்பு. எங்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பையன். "அந்த வழி அடைச்சிருக்கு, இப்படி வாங்க" என்றான். வழி அடைக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் ஜாக்கெட் போட்டுப் பார்த்து, வாங்காமல் இறங்கியபோது வாசலில் நின்று காசு கேட்டான். கொடுத்தேன். படம் எடுப்பதுதான் பயணத்தின் நோக்கம் என்றால் ஷுவாராவுக்கு ஈடு இல்லை. தொழிலைப் பார்க்க என்றால் ஏழில் கடைசி இடம்தான் கொடுப்பேன். சித்தியின் முழங்காலுக்கு அந்த மாடிப்படிகள் ஆகவே ஆகாது.

செஃபாரீன் இதற்கு நேர் எதிர். கரவிய்யீனுக்குப் பின்னால் சின்னச் சதுக்கம், நடுவில் மரம், சுற்றிலும் செம்பும் பித்தளையும் தட்டுகிற கடைகள். யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள், மாடி ஏறவும் வேண்டாம். தேநீர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், தொழில் இரண்டடி தூரத்தில் நடக்கிறது. ஒருவர் தட்டை வாட்டுகிறார், ஒருவர் விளிம்பு மடக்குகிறார், ஒருவர் அண்டாவுக்குள் தலையை விட்டு உள்பக்கம் ஈயம் பூசுகிறார். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் பெரிய அண்டாக்கள் சுவரோரம் அடுக்கியிருக்கும். காதுதான் பாவம். எல்லாக் கடையிலும் தட்டுவது ஒரே தாளமாகச் சேர்ந்து, திடீரென்று எல்லாம் ஒன்றாக நிற்கும் ஒரு நொடி வரும். அதற்காகவே நான் இரண்டு கிளாஸ் தேநீர் குடித்தேன். ஐன் நொக்பிக்குப் போக நேரமில்லாதவர்களுக்குச் செஃபாரீன் மட்டும் போதும். ஆனால் அது சுவரைப் படிக்கச் சொல்லித்தராது. செம்பு வேறு, ஓடு வேறு.

இனி கட்டடம். உண்மையான போட்டி இரண்டு மதரஸாக்களுக்கு நடுவில்தான்.

பூ இனானியா பெரியது. மரீனிய வம்சத்துச் சுல்தான் அபூ இனான் 1350 முதல் 1355 வரை கட்டியது. மதரஸாவாகவும் ஜும்ஆ பள்ளிவாசலாகவும் சேர்த்தே எழுப்பியதால் கம்பீரமான மினாரா உண்டு. முற்றம் முழுக்கப் பளிங்கு. முற்றத்துக்கும் தொழுகைக் கூடத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். கணக்குப்பிள்ளை செலவுக் கணக்கை நீட்டியபோது, அழகுக்கு விலை பார்ப்பதா என்று சுல்தான் ஏட்டை ஆற்றில் எறிந்துவிட்டதாக ஒரு கதை உலவுகிறது. கதையாகவே இருந்தாலும் முற்றத்தில் நிற்கும்போது நம்பத் தோன்றும். வெளியே தெருவின் எதிர்ச் சுவரில் 1357ஐச் சேர்ந்த நீர்க்கடிகாரத்தின் மிச்சம் இருக்கிறது. வரிசையாகச் சின்ன ஜன்னல்களும் நீட்டிய மரக்கட்டைகளும் மட்டும்தான். கடிகாரத்தின் உள்ளுறுப்புகள் போயே போய்விட்டன, அது எப்படி ஓடியது என்பது இன்றும் அறிஞர்களின் ஊகம்தான்.

அத்தாரீன் சின்னது, இன்னும் பழையது. அபூ இனானின் தாத்தா அபூ சயீத் காலத்தில் 1323–1325இல் கட்டியது. பெயரை மொழிபெயர்க்கவே வேண்டாம், அத்தர்காரர்கள். அத்தர் கடைத்தெரு முடிகிற மூலையில், கரவிய்யீனுக்கு ஒட்டினாற்போல் நிற்கிறது. மேல்தளத்தில் மாணவர்கள் தங்கிய அறைகள். ஒரு பாய் விரித்தால் நிறைந்துவிடும்.

இரண்டிலும் சுவரின் இலக்கணம் ஒன்றே. தரையிலிருந்து நெஞ்சு உயரம் வரை ஸெல்லீஜ், அதற்கு மேல் எழுத்துப் பட்டி, அதற்கு மேல் சுதை, உச்சியில் தேவதாரு மரம். பூ இனானியாவில் இந்த நான்கையும் பார்க்க முற்றத்தைச் சுற்றி வர வேண்டும். அத்தாரீனில் நின்ற இடத்தில் கண்ணை உயர்த்தினால் போதும், நான்கும் மேலேறிப் போகும். சின்னதாக இருப்பதுதான் அதன் பலம். எழுத்துப் பட்டிக்கு அருகில் போய்ப் பாருங்கள். கறுப்பு எழுத்து எழுதியது அல்ல. ஓடு முழுக்கக் கறுப்பு மெருகு பூசிச் சுட்டு, எழுத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். எழுத்தைச் சுற்றித் தெரிவது வெறும் சுட்ட மண். சாய்ந்து பார்த்தால் எழுத்து மயிரிழை மேடாக இருப்பது தெரியும். முதல் நாள் பூ இனானியாவிலும் இதே எழுத்து இருந்தது, நான் பெயின்ட் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். ஓடு வெட்டுகிறவர் எட்டாவது முனையில் தோற்றதைப் பார்த்த பிறகு அத்தாரீனில் நட்சத்திரங்களை எண்ணத் தொடங்கி, ஒரு தூணுக்கே எண்ண முடியாமல் விட்டேன்.

ஆகவே என் ஓட்டு அத்தாரீனுக்கு. ஆனால் என் ஓட்டு உங்களுக்குச் செல்லாமல் போகும் சந்தர்ப்பங்கள் உண்டு. பள்ளத்துக்கு இறங்கவே முடியாது என்றால் பூ இனானியாதான். நீல வாசலிலிருந்து இரண்டு மூன்று நிமிட நடை, அப்படியே திரும்பி டாக்ஸி பிடிக்கலாம். கும்பல் நேரத்திலும் பூ இனானியா தாங்கும். அத்தாரீனில் ஒரு சுற்றுலாக் கூட்டம் நுழைந்தால் மூச்சுவிட இடம் இருக்காது.

சரித்திரப் பித்து உள்ளவர்களுக்கும் பூ இனானியாதான், அதுவும் மதுரைக்காரர்களுக்கு. மொராக்கோப் பயணி இப்னு பதூதா தன் பயணக் கதையைச் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதியது இதே அபூ இனானின் ஆணைப்படி. எழுதி முடிந்தது 1355 டிசம்பரில், மதரஸா முடிந்த அதே ஆண்டு. அந்தக் கதையில் மதுரை சுல்தானகம் வருகிறது. அப்போதைய மதுரை சுல்தான் கியாசுத்தீன், இப்னு பதூதாவுக்குச் சகலை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். சகலை செய்த கொடுமைகளையும் அவர் ஒளிக்கவில்லை. மதுரையில் பரவிய கொள்ளைநோயையும் சொல்கிறார். பளிங்கு முற்றத்தில் கல் பதித்துக்கொண்டிருந்த காலத்தில், அதே ஊரில் எங்கோ ஒரு பயணி மதுரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று நினைத்தால் அந்த முற்றம் வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

கரவிய்யீன் இந்தப் போட்டியில் சேராது. ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்கிற பெண்மணி 859இல் தொடங்கியதாக மரபு. முஸ்லிம் அல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. திறந்த கதவுகள் வழியாக வெள்ளை வளைவுகளையும் முற்றத்து நீர்த்தொட்டியையும் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். நீங்கள் முஸ்லிம் என்றால் கணக்கே மாறிவிடும். ஒரு வக்து தொழுகையை அங்கே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். நெஜ்ஜாரீன் 18ஆம் நூற்றாண்டு வணிகர் சத்திரம், 1998 முதல் மர வேலைப்பாட்டு அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உளிகளைவிடக் கட்டடம்தான் அழகு. மொட்டைமாடிக் காற்றும் நன்றாக இருக்கும். மழை பெய்தால் போகலாம்.

வெள்ளிக்கிழமையில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான கடைகளும் பட்டறைகளும் மூடியிருக்கும், செஃபாரீன் ஊமையாகிவிடும். தொழில் பார்க்க வந்தவனுக்கு அது வீணான நாள்.

தம்பிக்கு நான் அனுப்பிய வழி இது. நீல வாசலை மறந்துவிடு. காலையில் சிவப்பு டாக்ஸி பிடித்து நேராக ஐன் நொக்பி. அங்கிருந்து இன்னொரு டாக்ஸியில் ர்ஸீஃப் சதுக்கம். கிண்ணத்தின் அடிப்பக்கம் வரை கார் வருகிற இடம் அது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் செஃபாரீன். சித்தி அங்கே உட்காரட்டும். கரவிய்யீன் சுவரைச் சுற்றிப் போனால் அத்தாரீன். திரும்பவும் ர்ஸீஃபிலேயே டாக்ஸி ஏறு, பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது.

போய்விட்டு வந்து கூப்பிட்டான். எல்லாம் சொன்னபடியே நடந்ததாம், சித்தி மட்டும் செஃபாரீனை விட்டு எழவில்லையாம். ஈயம் பூசுகிறவரிடம் தமிழிலேயே ஏதோ கேட்டு, அவர் அரபியில் ஏதோ சொல்லி, ஒன்றரை மணி நேரம் போயிருக்கிறது. அத்தாரீனைக் கடைசியில் பார்க்கவே இல்லை. மூடி வைத்த சின்னச் செம்புக் குண்டான் ஒன்று வாங்கி, பெட்டியில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு விமானம் ஏறியிருக்கிறார். பையனுக்கு ஓடு வெட்டுகிறவரை ரொம்பப் பிடித்ததாம். ஆனால் புறா எச்சக் குழியைப் பார்க்கவிடாமல் செய்தது பெரியப்பாதான் என்று அவன் அம்மா போட்டுக்கொடுத்துவிட்டாள். இன்னும் என்னோடு போனில் பேச மாட்டேன் என்கிறான்.